மதியம் போன கரண்ட்

மதியம் கரண்ட் போனது. மாடி நிறைய சோலார் பேனல் வைத்திருக்கும் எதிர்வீட்டு அக்காவும் விசிறியோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

"இவ்வளவு வெயில் அடிக்குது, எங்களுக்கும் ஃபேன் ஓடலையே தம்பி!"

பேட்டரி இல்லாத சோலார் அப்படித்தான். பேனல் மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய், கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு ஷாக் அடித்துவிடக் கூடாது என்று, அதை வீட்டு மின்சாரமாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். விற்பவர்கள் இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா?

மற்றபடி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டும் வீடு என்றால் தாராளமாகப் போடலாம். 3 கிலோவாட் பேனலுக்கு நல்ல வெயில் நாளில் 12 யூனிட் கிடைக்கும். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய்.

நம்மூர் இலவச யூனிட்டை ஒட்டியே ஓட்டும் குடும்பம் இதற்காகக் கடன் வாங்க வேண்டாம். பழைய ஃபேனை மாற்றி பிஎல்டிசி ஃபேன் வாங்கட்டும், பாதி மின்சாரம் போதும்.