நான்தாண்ணே

தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில் நான் வேலையில் இருந்த அந்த இரவின் ஒலிப்பதிவை இதுவரை ஏழெட்டு முறை கேட்டிருப்பேன். விசாரணைக்காக மூன்று முறை, மற்றதெல்லாம் எனக்காக. அதில் 22 விநாடிதான் என்னை இன்னும் விடவில்லை.

"கண்ட்ரோல்... கண்ட்ரோல்... வழி தெரியல."

"யார் பேசுறது?"

"நான்தாண்ணே."

"நான்தான்னா யாரு? பேரச் சொல்லு."

மூச்சு இரைக்கும் சத்தம். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. அப்புறம் பேர் வந்தது. உள்ளே யாருமில்லை என்று ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் என் கையால் குறித்து வைத்திருந்தேன்.

தீப்பிடித்தது தோட்டத்துப் பழைய ரப்பர் ஸ்டோரில். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு அது உரமூட்டையும் பழைய டயரும் போட்டு வைக்கிற இடம். டயர் எரிந்தால் புகை எப்படி இருக்கும் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு பேர் சுவாசக் கருவி மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒருவர் எங்களில் மூத்தவர். பாதி வழியில் அவருடைய முகமூடியில் கசிவு. வாசலுக்குத் திரும்பிவிட்டார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆன தம்பி ஒருவன், அவனுடைய வாக்கி டாக்கி செட்டில் பேட்டரி இறங்கிப்போயிருந்ததால், மூத்தவரின் செட்டை வாங்கி மாட்டிக்கொண்டு அவர் இடத்தில் உள்ளே போனான். உள்ளே போகிறவர் தன் பெயர் வில்லையை மாட்டிவிட்டுப் போகிற நுழைவாயில் பலகையில் மூத்தவரின் வில்லை அப்படியே தொங்கியது. தம்பியின் வில்லை அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

புகை கூடியதும் எல்லாரையும் வெளியே வரச் சொன்னார்கள். களத்தில் பொறுப்பில் இருந்த அதிகாரி, துவான் என்றுதான் கூப்பிடுவோம், என்னிடம் கேட்டார்: "சியாப்பா பெலும் கெலுவார்?" யார் இன்னும் வெளியே வரவில்லை? என் திரையில் மூத்தவரின் பெயர் இருந்தது. அதைச் சொன்னேன். "அவர் என் பக்கத்தில்தான் நிற்கிறார்" என்றார் துவான். அப்படியானால் எல்லாரும் வந்துவிட்டார்கள். பலகையில் அந்த வில்லையையும் எடுத்துவிட்டார்கள். பலகையும் திரையும் ஒரே தவறைச் சொன்னதால் அது யாருக்கும் தவறாகவே தெரியவில்லை.

நாங்கள் வைத்திருப்பது டெட்ரா செட், அவசர சேவைகளுக்கான டிஜிட்டல் வாக்கி டாக்கி. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. நாட்டுக் குறியீடு, வலையமைப்புக் குறியீடு, அதன் பின்னால் 24 பிட்டில் அந்தச் செட்டுக்கே உரிய எண். செட் வலையமைப்பில் சேரும்போது அங்கிருந்து ஓர் எண் வரும், ஒவ்வொரு முறையும் வேறு எண். செட் தனக்குள் இருக்கும் 128 பிட் ரகசியச் சாவியை வைத்து அதற்கு ஒரு விடையைக் கணக்கிட்டு அனுப்பும். சாவி காற்றில் போவதே இல்லை. விடை பொருந்தினால்தான் பேச விடும். செட்டும் அதே மாதிரி வலையமைப்பைச் சோதிக்கலாம். காணாமல் போன செட்டை இங்கிருந்தே முடக்கிவிடலாம். அன்று இரவு இதில் ஒரு பிழையும் நடக்கவில்லை. இது நம் செட்தான் என்று வலையமைப்பு சரியாகவே சொன்னது. அது யார் கையில் இருக்கிறது என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அதைச் சொன்னது நான்.

எண்களுக்குப் பக்கத்தில் பெயர்களைத் தட்டெழுதியவனும் நான்தான். அப்போது ஆளுக்கொரு செட் இருந்தது. எண்ணை ஞாபகம் வைப்பது கஷ்டமாக இருந்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பெயர் போட்டேன். எல்லாரும் பாராட்டினார்கள். பிறகு சில செட்டுகள் பழுதாகி, இருப்பதைப் பகிர்ந்துகொள்ள ஆரம்பித்தோம். வேலைக்கு வருகிறவர் சார்ஜரில் முழுதாக ஏறியிருப்பதை எடுத்துப் போவார். பெயர்கள் மட்டும் திரையில் அப்படியே கிடந்தன. பெயரை எடுத்துவிடலாம் என்று ஓரிரு முறை நினைத்ததுண்டு. ஆனால் பெயரைப் பார்த்துப் பேசிப் பழகிவிட்டோம்.

சரி, முதல் தவறு அது. பெயரைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் திரையை நம்பினேன். துவானிடம் செட் எண்ணை மட்டும் சொல்லியிருந்தால், "அந்தச் செட் யாரிடம்?" என்று அவர் திரும்பிக் கேட்டிருப்பார். இதை நான் எவ்வளவு வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வேன்.

என்னைத் தூங்க விடாதது இரண்டாவது. பெயரே தேவைப்படாத இடத்தில் பெயரைக் கேட்டேன்.

ஏன் கேட்டேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். 2023 ஜூலையில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் டெட்ராவில் ஐந்து ஓட்டைகள் இருப்பதை வெளியிட்டார்கள். டிஇஏ1 என்ற மறையாக்க முறையில் 80 பிட் சாவி உள்ளுக்குள், சுலபமாக உடைத்துவிடக்கூடிய 32 பிட் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது என்பது அதில் ஒன்று. அப்போதிலிருந்து எங்கள் கூட்டங்களில் இதே பேச்சு. வெளியாள் ஒருவன் நம் ஆள் மாதிரி பேசினால் என்ன செய்வது? சந்தேகம் வந்தால் யார் என்று கேள், பேர் சொல்ல வை. இந்தப் பாடத்தை நான் நன்றாகவே படித்திருந்தேன். திரையில் மூத்தவர் பெயர், ஆனால் மூத்தவர் வெளியே நிற்கிறார், குரலோ வேறு யாருடையதோ. இதைவிடச் சந்தேகப்பட வேண்டிய அழைப்பு எது? யாரோ ஒருவன் பொய்யாகக் கூப்பிட்டு, அவனைத் தேடி இரண்டு பேரை அந்தப் புகைக்குள் அனுப்பி, அவர்கள் வராமல் போயிருந்தால்?

குரலையும் அடையாளம் தெரியாது. டெட்ரா நம் பேச்சை விநாடிக்கு 4,567 பிட்டாகச் சுருக்கி அனுப்புகிறது. வீட்டில் கேட்டுப் பழகிய குரலே அதில் வேறு மாதிரி வரும். முகமூடிக்குள்ளிருந்து பேசினால் இன்னும் மோசம். விசாரணையில் இதையெல்லாம் சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள். என்மேல் குறை எதுவும் எழுதவில்லை.

ஆனால் அவன் "நான்தாண்ணே" என்று சொன்னானே.

எங்கள் செட்டில் மலாயில்தான் பேசுவோம். அந்த ஷிப்டில் தமிழர்கள் மூன்று பேர். மூத்தவர் என்னைத் தம்பி என்று கூப்பிடுவார். என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான். ஆபத்தில் மலாயை விட்டுத் தமிழுக்கு வந்து, யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து, அண்ணே என்றான். அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அந்த ஒரு சொல்லிலேயே அவன் யார் என்பது இருந்தது. அதைக் காதில் வாங்காமல், காற்று குறைந்துகொண்டிருந்தவனை இன்னொரு முறை வாய் திறக்க வைத்தேன். உள்ளே ஓர் ஆள் இருக்கிறான் என்று உடனே துவானிடம் சொல்லிவிட்டு, பேரைப் பிறகு கேட்டிருக்கலாம்.

இப்படி நினைக்கும்போதே இன்னொன்றும் தோன்றுகிறது. இந்த டவுனில் கோயில் வாசலிலிருந்து ஒட்டுக்கடை வரைக்கும் பாதிப் பேர் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதை அத்தாட்சி என்று எந்த விதிப் புத்தகத்தில் எழுத முடியும்?

தம்பி பிழைத்துக்கொண்டான். இரண்டு பேர் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டே போய் அவனைக் கூட்டி வந்தார்கள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். நான் பார்க்கப் போனபோது அவன் அம்மா எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். என் மகனைக் காப்பாற்றினீர்கள் என்றார். என்னால் அதைக் குடிக்க முடியவில்லை. அவரிடம் உண்மையைச் சொல்லவும் முடியவில்லை.

அதன் பிறகு திரையிலிருந்து எல்லாப் பெயர்களையும் நானே அழித்தேன். வேலைக்கு வந்ததும் ஒவ்வொருவரும் தன் எண்ணையும் நான்கு இலக்க ரகசிய எண்ணையும் செட்டில் தட்டிப் பதிய வேண்டும் என்று கடிதம் எழுதியதும் நான்தான். அப்போதுதான் திரையில் வருவது ஆளின் பெயராக இருக்கும். சோதனைக்காக ஆரம்பித்தார்கள். மூன்றாவது வாரத்தில் பார்த்தால், செட்டின் முதுகில் ஒட்டிய டேப்பில் ரகசிய எண் எழுதியிருக்கிறது. கோபப்பட முடியவில்லை. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2016இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று மீட்புப் பணியாளர்களின் இதே பிரச்சினையைத்தான் பேசுகிறது. கையுறை போட்ட விரலுக்குக் கைரேகை கிடையாது. முகமூடிக்குள் முகம் தெரியாது. கருவியையோ பல பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். படித்தபோது எங்கள் சார்ஜர் மேசையைப் பற்றி எழுதியது போல இருந்தது.

இப்போது அலுவலகம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறது. பதியாத செட்டைப் பேச விடலாமா, கூடாதா? எழுத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். கூடாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பெயரில்லாத குரல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

தம்பி அப்போது அறைக்குள் வந்து தாளை எட்டிப் பார்த்தான். "அண்ணே, அன்னைக்கு நான் வாசல்ல நின்னு நம்பர் தட்டிக்கிட்டு இருந்திருப்பேனா? அப்படியே வாங்கி மாட்டிக்கிட்டு ஓடியிருப்பேன். உள்ள போனதுக்கப்புறம் செட் என்னைப் பேச விடாட்டி உங்களக் கூப்பிட்டே இருக்க முடியாதே" என்றான். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. தேநீர் எடுத்து வரவா என்று கேட்டுவிட்டுப் போனான்.

அவசரப் பொத்தான் மட்டும் எப்போதும் வேலை செய்யும்படி வைக்கலாம் என்று ஒரு வரி எழுதினேன். ஆனால் அன்று அவன் அந்தப் பொத்தானை அழுத்தவில்லை. என்னைத்தான் கூப்பிட்டான். அந்த வரியை அடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் தாளைக் கொடுக்க வேண்டும்.