எதற்கு மூன்று நாடு?

ஜெர்மனியில் ஆறே பேர் வேலை பார்த்த ஒரு சின்ன அமைப்பில் இருந்தேன். பள்ளிகளுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் போய்ப் போதைப்பொருள் பற்றிப் பேசுவதுதான் எங்கள் வேலை. கையில் இருந்த நிதி வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் இயக்குநர் ஒரு கத்தைக் காகிதத்தை என் மேசையில் வைத்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘போதைப்பொருள் தடுப்பும் தகவலும்’ திட்டத்தில் மானியம் கேட்பதற்கான அழைப்பு அது. “நீங்கள்தான் நன்றாக எழுதுவீர்களே” என்றார். அந்தப் பாராட்டுக்கு நான் கொடுத்த விலை, இரண்டு விண்ணப்பங்கள், நான்கு வருடம்.

திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2007 முதல் 2013 வரை ஓடியது. ஏழு வருடத்துக்கும், அத்தனை உறுப்பு நாடுகளுக்கும் சேர்த்து ஒதுக்கிய தொகை 2.135 கோடி யூரோ. கேட்கப் பெரிதாக இருக்கும், வகுத்துப் பார்த்தால் வருடத்துக்கு முப்பது லட்சம்தான். போட்டி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒரே நாட்டுக்குள் முடிகிற வேலைக்குப் பணம் கிடையாது, எல்லை தாண்டிய கூட்டாளி வேண்டும்.

முதல் முறை நாங்கள் செய்தது இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கையேடு ஏற்கெனவே எங்களிடம் இருந்தது. அதை மூன்று மொழியில் போட்டு மூன்று நாட்டில் கொடுப்பதாக எழுதினோம். ஏதோ மாநாட்டில் பெயர் அட்டை மாற்றிக்கொண்ட போலந்து அமைப்பு ஒன்றையும் போர்ச்சுகல் அமைப்பு ஒன்றையும் கூட்டாளிகளாகச் சேர்த்தோம். அவர்களோடு நான் பேசியதெல்லாம் “கையெழுத்து எப்போது வரும்?” என்பது மட்டும்தான். கடைசிக் கையெழுத்து கெடு முடிவதற்கு முந்தைய நாள் இரவு பதினொன்றரைக்கு வந்தது, அதுவும் கோணலாக ஸ்கேன் செய்யப்பட்டு.

மாதங்கள் கழித்து நிராகரிப்புக் கடிதம் வந்தது. நான் கோபப்படத் தயாராகத்தான் பிரித்தேன். மதிப்பீட்டுக் குறிப்பின் சாரம் இதுதான்: மூன்று நாடுகள் சேர்ந்து இதைச் செய்வதால் கூடுதலாக என்ன கிடைக்கும் என்று விண்ணப்பத்தில் இல்லை. உண்மைதான், இல்லை. எங்களுக்கே தெரியாது.

அடுத்த அழைப்புக்கு முன்பு, எழுதுவதை விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன். போலந்துக் கூட்டாளி அமைப்பில் இருந்த தோழியிடம் முதல் முறையாக அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டேன். இரண்டு மணி நேரம் பேசினார். அது ‘லீகல் ஹை’ காலம். தடைப் பட்டியலில் இல்லாத புதுப்புது வேதிப்பொருள்களைக் குளியல் உப்பு, ஊதுபத்திக் கலவை என்று பெயர் போட்டு வெளிப்படையாகவே விற்பார்கள். ஒன்றைத் தடை செய்தால் மூலக்கூறில் ஒரு மூலையை மாற்றி அடுத்தது வரும். புதிய போதைப்பொருள்களைக் கண்காணிக்கும் ஐரோப்பிய எச்சரிக்கை அமைப்பில் 2009-ல் 24 புதிய பொருள்கள் பதிவாயின, 2010-ல் 41, 2011-ல் 49. நாங்கள் கையேடு அச்சடித்து மை காய்வதற்குள் அது பழசாகிவிடும்.

போலந்தில் 2010 அக்டோபரில் அரசு ஒரே வாரக்கடைசியில் இப்படிப்பட்ட கடைகளை ஆயிரத்துக்கும் மேல் மூடியது. “அதற்கப்புறம் பையன்கள் எங்களிடம் கேட்ட கேள்விகளே மாறிவிட்டன” என்றார் தோழி. ஜெர்மனியில் ‘ஸ்பைஸ்’ என்ற பெயரில் விற்ற ஊதுபத்திக் கலவை 2009 ஜனவரியிலேயே தடையாகியிருந்தது. போர்ச்சுகலில் அந்தக் கடைகள் அப்போதும் திறந்தே இருந்தன. அதாவது ஒரே சரக்கு, ஆனால் மூன்று நாடுகள் மூன்று கட்டத்தில் நிற்கின்றன. தேடிக்கொண்டிருந்த பதில் இத்தனை நாளும் கூட்டாளியின் வாயிலேயே இருந்திருக்கிறது. நான்தான் கையெழுத்து மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது விண்ணப்பம் இந்தப் புள்ளியிலிருந்து எழுந்தது. ஆனால் சுமுகமாக எழவில்லை. வரைவில் “சட்டப்படி குற்றம் என்பதை இளைஞர்களுக்கு உணர்த்துவது” என்று ஒரு வரி எழுதியிருந்தேன். போர்ச்சுகல் கூட்டாளியான லிஸ்பன் நண்பர் அதை மஞ்சளில் குறித்து, “எங்கள் ஊரில் இது பொய்” என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். அங்கே 2001-லிருந்து சொந்த உபயோகத்துக்குச் சிறு அளவு வைத்திருப்பது குற்ற வழக்கு ஆவதில்லை, ஒரு ஆலோசனைக் குழுவின் முன்னால்தான் போய் நிற்க வேண்டும். ‘தடுப்பு’ என்ற ஒரு சொல்லையே மூவரும் மூன்று விதமாகப் புரிந்துகொண்டிருந்தோம். அதைச் சரி செய்ய ஆறு வாரம் ஆயிற்று. விண்ணப்பத்தின் மற்றப் பகுதிகளுக்கு மூன்று வாரம்கூட ஆகவில்லை.

அப்புறம் பணம். செலவில் 80 சதவீதம் வரை மானியம் கொடுத்தார்கள், மீதி நம் பொறுப்பு. எங்கள் கணக்கு இரண்டரை லட்சம் யூரோ, ஆக ஐம்பதாயிரம் நாங்கள் தேட வேண்டும். தன்னார்வலர்களின் உழைப்பை அதில் காட்டிவிடலாம் என்று இயக்குநர் நிம்மதியாக இருந்தார். வழிகாட்டியைப் பிரித்துக் காட்டினேன்: பணமாக வராத பங்களிப்பு செல்லாது. அவர் முகம் போன போக்கை மறக்க முடியாது. கடைசியில் மாநில அரசிடமும் ஒரு அறக்கட்டளையிடமும் போய் நின்றோம். வாடகை, மின்சாரம் போன்ற மறைமுகச் செலவுக்கு நேரடிச் செலவில் 7 சதவீதம்தான் கொடுத்தார்கள். இதில் ஆறு பேர் அலுவலகம் ஓடாது, முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்குங்கள். போலந்துக் கணக்கு அந்த நாட்டு நாணயமான ஸ்லாட்டியில் இருந்ததால் மாற்று விகிதத்தில் போனது வேறு. வேலை நேரப் பதிவுத் தாளை அந்தந்த மாதமே கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள். தணிக்கைக்கு முந்தைய வாரம் பதினெட்டு மாதத்துத் தாள்களை ஒரே நீல மை பேனாவில் ஒருவர் நிரப்பிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், யாரென்று சொல்ல மாட்டேன்.

இந்த முறை கிடைத்தது. ஆறு மாதம் வேலை ஓடியிருக்கும், 2013 ஏப்ரலில் போர்ச்சுகல் அரசு 159 பொருள்களை ஒரே ஆணையில் தடை செய்தது. லிஸ்பனில் கடை வாசலில் இளைஞர்களைச் சந்திப்பதாக நாங்கள் எழுதியிருந்த பகுதி முழுவதும் ஒரே நாளில் அர்த்தம் இழந்தது. திருத்தம் கேட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அன்று மதியமே போலந்துத் தோழியிடமிருந்து ஒரு கோப்பு வந்தது. கடைகள் மூடிய பிறகு அங்கே இளைஞர்கள் கேட்ட கேள்விகளை அவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார், அதைத் தட்டச்சு செய்து எனக்கும் லிஸ்பன் நண்பருக்கும் அனுப்பியிருந்தார்.

பட்டியலில் முதல் கேள்வி: “போன வாரம் வாங்கியது இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது, அதை என்ன செய்வது?” பத்து நாள் கழித்து லிஸ்பனில் நடந்த முதல் சந்திப்பில் ஒரு பெண் கேட்டதும் இதே கேள்விதான். நண்பரிடம் பதில் தயாராக இருந்தது.