உவரியார் பிறந்த வீடு

அம்மாவுக்கு அவர் உவரி அந்தோணியார். செபப் புத்தகத்தில் பதுவை அந்தோணியார். லிஸ்பன்காரர்கள் இரண்டையும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இத்தாலியின் பதுவையில் 1231-ல் இறந்தார், சரி. பிறந்து வளர்ந்தது இங்கேதானே என்பார்கள். அவர்களுக்கு அவர் லிஸ்பன் அந்தோணியார்.

போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனுக்கு ஏழு குன்றுகளின் நகரம் என்று பெயர். 28-ஆம் எண் டிராமில் கால் வைக்க இடமில்லை, அதனால் கீழ்நகரிலிருந்து நடந்தே ஏறினேன். நடைபாதையில் பதித்த வெள்ளைச் சுண்ணாம்புக்கற்கள் ஆட்கள் நடந்து நடந்து வழவழவென்று ஆகிவிட்டன, செருப்பு வழுக்குகிறது. ஏற்றத்தில் பழைய பேராலயம். குழந்தை பெர்னாண்டோவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அங்கே என்கிறார்கள். அந்தோணி என்பது துறவியாகி, பிரான்சிஸ்கன் சபைக்குப் போனபோது வைத்துக்கொண்ட பெயர்.

பேராலயத்துக்குச் சற்றுக் கீழே அவருடைய கோயில். 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாளன்று வந்த நிலநடுக்கத்தில் பழைய கோயில் இடிந்தது. திரும்பக் கட்டுவதற்கு ஊர்ச் சிறுவர்கள் தெருவில் சின்னப் பீடம் வைத்து, "அந்தோணியாருக்கு ஒரு காசு" என்று கேட்டு வாங்கினார்களாம். ஒவ்வொரு காசாகச் சேர்த்த கோயில் என்று நினைத்ததுமே மனம் இளகிவிட்டது.

உள்ளே போய் ஒரு குறுகிய படிக்கட்டில் இறங்கினால் நிலவறை. 1195 வாக்கில் அவர் பிறந்த வீடு இருந்த இடம் இதுதான் என்பது காலங்காலமான நம்பிக்கை. 1982-ல் போப் இரண்டாம் ஜான் பால் இங்கே வந்து செபித்திருக்கிறார். அந்தக் காட்சியை ஓடுகளில் வரைந்து வைத்திருக்கிறார்கள். மேலே தெருச் சத்தம், கீழே ஒரு சின்னப் பீடம். முழங்காலிட்டேன்.

அப்போதுதான் உவரிக் கதை நினைவுக்கு வந்தது. எங்கள் கடற்கரைப் பக்கமாக வந்த போர்த்துகீசியக் கப்பலில் காலரா பரவியதாம். கப்பல் தச்சர் ஒருவர் அந்தோணியாரின் சுரூபத்தைச் செதுக்கி வேண்டிக்கொள்ள, நோய் விலகியதாம். அந்தச் சுரூபத்தை உவரியில் வைத்துவிட்டுப் போனார்கள் என்று அம்மா சிறு வயதில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். சாகக் கிடந்தவர்களுக்காக அந்தத் தச்சர் கூப்பிட்டது தன் நாட்டுப் பிள்ளையை அல்லவா! இத்தனை வருஷம் கேட்ட கதையில் இது எனக்கு உறைத்ததே இல்லை.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "எனக்கும் சேத்து ஒரு தடவ முழங்கால் போடு, மக்கா" என்றாள்.

மறுபடியும் படியிறங்கினேன்.