கடலைத் திருப்பித் தந்த ஒலிம்பிக்

பார்சிலோனா என்றாலே பலருக்குக் கால்பந்துதான். எனக்கு அந்தக் கடற்கரைதான் முதலில் நினைவுக்கு வரும். 1992இல் அங்கே நடந்த ஒலிம்பிக்குக்கு முன்பு, நகரின் போப்லெநோவ் பகுதியில் கடலுக்கும் ஊருக்கும் நடுவே தொழிற்சாலைகளும் ரயில் பாதையும் மறித்துக்கொண்டு நின்றன. கடலோரத்தில் இருந்துகொண்டே கடலுக்கு முதுகு காட்டிய ஊர்! போட்டிக்காக அதையெல்லாம் அகற்றி, வீரர்கள் தங்க வீடுகள் கட்டினார்கள், மணல் கொட்டிக் கரையைச் சீரமைத்தார்கள். அப்புறம் அந்த வீடுகளில் மக்கள் குடியேறினார்கள். அதே ஒலிம்பிக்கில், நகரின் மொன்ட்ஜூயிக் குன்றில் இருக்கும் நீச்சல் குளத்தில் டைவிங் வீராங்கனை ஒருவர் அந்தரத்தில் பாய, பின்னால் நகரமே விரிந்து கிடக்கும் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன்! பதக்கப் பட்டியலை மறந்துவிட்டேன். அந்தக் காட்சி மறக்கவில்லை.