42 டிகிரியில் கிறிஸ்துமஸ்

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்த்தில் கிறிஸ்துமஸ் நடுக் கோடையில் வரும். 2021 டிசம்பர் 25 அன்று இங்கே 42.8 டிகிரி செல்சியஸ். இந்த நகரத்துக் கிறிஸ்துமஸ்களில் அதுவரை அதிகமாகப் பதிவானது 1968-இல் அடித்த 42 டிகிரி. அதையும் தாண்டிவிட்டது. கொரோனாவுக்காக மாநில எல்லையை மூடி வைத்திருந்த வருடம் அது. ஊருக்குப் போக வழியே இல்லை.

அலுவலகத்தில் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள், பனி பெய்யாமல் என்ன கிறிஸ்துமஸ் என்று வருத்தப்படுவார்கள். எனக்கும் என் மனைவிக்கும் அந்தக் குறை கிடையாது. நான் பாளையங்கோட்டை, அவள் நாகர்கோவில். பனியை வாழ்த்து அட்டையில்தான் பார்த்திருக்கிறோம். எங்களுக்கு இங்கே குறைவது ஆட்கள். ஊரில் டிசம்பர் பிறந்ததும் வாசலில் காகித நட்சத்திரம் ஏறிவிடும். நடுராத்திரியில் கேரல் ரவுண்ட்ஸ் என்று கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வந்து கதவைத் தட்டுவார்கள். ஊசிக் கோபுரம் என்று நாங்கள் சொல்லும் பாளையங்கோட்டைத் தேவாலயத்தில் இருட்டோடு ஆராதனை முடித்து வந்தால், அப்புறம் நாள் முழுக்கப் பலகாரத் தட்டுகள் வீடு வீடாகப் போய்க்கொண்டே இருக்கும். பெர்த்தில் அன்றைக்குக் கடைகள் அடைப்பு. தெருவில் ஒரு ஆள் நடமாட்டம் இருக்காது.

ஆட்கள் எங்கே போனார்கள் என்பது காட்டஸ்லோ கடற்கரைக்குப் போனால் தெரியும்.

டிசம்பரில் இங்கே ஐந்து மணி தாண்டியதும் விடிந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட்டோம். கரையோரம் நார்ஃபோக் பைன் மரங்கள் வரிசையாக உயர்ந்து நிற்கின்றன. கீழே மணலில் தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை குடும்பம் குடும்பமாகக் கூட்டம். சிவப்புத் தொப்பியும் நீச்சல் உடையுமாக நனைந்துகொண்டே முன்பின் தெரியாதவர்களுக்கும் வாழ்த்துச் சொல்கிறார்கள். ஒரு பெரியவர் எங்கள் மகளிடம் எந்தப் பக்கம் அலை இழுக்கும் என்று காட்டி, உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இது நம் இந்தியப் பெருங்கடல்தான். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கால் வைக்க முடியாத குளிர். டிசம்பரில் இறங்கினால் உடம்பு முழுக்க இதமாகிவிடுகிறது.

எங்களுக்கு ஆறரை ஆகும்போது ஊரில் நாலு மணி. தம்பி கோயில் வாசலிலிருந்து வீடியோவில் வந்தான். கோபுரம் முழுக்க விளக்கு. அம்மா எட்டிப் பார்த்து, "என்னல, அதுக்குள்ள விடிஞ்சிட்டா?" என்றாள். "ஆச்சி, நாங்க கடல்ல இருக்கோம்!" என்று கத்தினாள் மகள். "கோயிலுக்குப் போகாம கடல்லயா?" ஒன்பது மணிக்குத்தான் எங்களுக்கு ஆராதனை என்று சொன்ன பிறகே அம்மா சமாதானமானாள்.

முந்தின நாள் விடியற்காலையிலேயே பலகாரம் சுட்டு முடித்திருந்தோம். பத்து மணிக்கு மேல் இந்த வெயிலில் அடுப்படியில் நிற்க முடியாது. முந்திரிக்கொத்து சிரமமில்லை. அச்சு முறுக்குக்குத்தான் பொறுமை வேண்டும். அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவைத்து, மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்க வேண்டும். முழுதாக முங்கினால் முறுக்கு கழன்று வராது. ஆராதனை முடிந்ததும் மகள் தட்டை எடுத்துக்கொண்டு தெருவில் நாலு வீட்டுக்குப் போய்வந்தாள். அப்படிக் கதவு தட்டி வந்த பலகாரம் அவர்களுக்குப் புதிது. பக்கத்து வீட்டு வயதான தம்பதி எங்களை மதியச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்துவிட்டார்கள்.

சாப்பாடு எல்லாமே குளிர்ந்தது. ஐஸில் வைத்த இறால், பன்றித் தொடைக்கறி, செர்ரி, மாம்பழம். கடைசியில் பாவ்லோவா: முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துச் சுட்டு, மேலே கிரீமும் பழமும் வைப்பது. 1935-இல் பெர்த்தின் எஸ்பிளனேட் ஹோட்டலில் பெர்ட் சாக்சே என்ற சமையல்காரர் செய்ததுதான் இது என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நியூசிலாந்துக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. யார் கண்டுபிடித்திருந்தாலும், அந்த வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமான இனிப்பு இல்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த அம்மாள், சின்ன வயதில் தங்களுக்குக் கிறிஸ்துமஸ் வந்ததைச் சொன்னது ஒரு மரம்தான் என்றார். நூயிட்சியா. இங்கே அதற்குப் பெயரே கிறிஸ்துமஸ் மரம். இலை பச்சையாக இருந்தாலும் புல்லுருவி இனம். பக்கத்துச் செடிகளின் வேரை மண்ணுக்கடியில் வெட்டித் தண்ணீர் எடுத்துக்கொள்ளும். புதைத்த தொலைபேசிக் கம்பிகளைக்கூட வெட்டியிருக்கிறது. சுற்றியுள்ள புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும் நாளில் இது மட்டும் உச்சி வரை மஞ்சளாகப் பூத்து நிற்கும். இந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கார் மக்களுக்கு இறந்தவர்களின் ஆன்மா தங்கிச் செல்லும் மரம் இது. டிசம்பர், ஜனவரியை அவர்கள் பிராக் பருவம் என்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து வீட்டில் பஞ்சு ஒட்டிய மரம் வைக்கும் ஆசை எனக்குப் போய்விட்டது. நட்சத்திரம் மட்டும் தொங்குகிறது.

டிசம்பரில் பெர்த் வருகிறவர்கள் கிங்ஸ் பார்க்கில் இந்த மரத்தைப் பார்க்கலாம். பூவைப் பறிக்க வேண்டாம். காலை எட்டுக்குள் கடலுக்குப் போய்விடுங்கள். பிற்பகலில் 'ஃப்ரீமாண்டில் டாக்டர்' என்று சொல்லும் கடற்காற்று வரும் வரை வெளியே தலைகாட்டாதீர்கள். அச்சு முறுக்கு கொண்டுவந்தால், பக்கத்து வீட்டுக்கும் ஒரு தட்டு எடுத்து வையுங்கள்.