அம்மா தோட்டத்துக்குக் குடிபோன கதை

எங்கள் தோட்டத்து வீட்டை விருந்தினர் தங்கும் இடமாகப் பதிய, கொழும்பு கொள்ளுப்பிட்டியில் இருக்கும் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்கு முதல் தடவை போனபோது உறுதி, நில அளவைப் படம், வீட்டின் புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கிக் கொண்டு போயிருந்தேன். அங்கிருந்த உத்தியோகத்தர் கோப்பைத் திறக்க முதலே ஒரு கேள்வி கேட்டா. "வீட்டுக்காரர் அங்கேயேதானே குடியிருக்கிறீங்கள்?"

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், நாலாம் மாடியில். தோட்டம் பாதுக்கைப் பக்கம். சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்புவோம். உள்ளதைச் சொன்னேன். அப்படியென்றால் ஹோம்ஸ்டே என்று பதிய ஏலாது, குடும்பம் இருக்கிற வீட்டில் விருந்தினர் தங்குவதுதான் ஹோம்ஸ்டே, மற்றது பங்களா வகை, அதற்கு வேறு தேவைகள் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினா. கோப்பு திறக்கப்படாமலே வீடு திரும்பியது.

தோட்டம் மூன்று ஏக்கர். இரண்டு ஏக்கர் றப்பர், மிச்சத்தில் பலா, றம்புட்டான், மிளகு, கொஞ்சம் கித்துள். கீழே ஒரு துண்டு தரிசு வயல். அப்பா புறக்கோட்டையில் கடை வைத்திருந்த காலத்தில் வாங்கியது. அவர் போன பிறகு றப்பர் பால் விற்ற காசு பராமரிப்புக்கே பத்தவில்லை. விற்று விடுவோம் என்று ரொறன்ரோவில் இருக்கும் அக்கா சொன்னா. எனக்கு மனம் வரவில்லை. 2018இல் 23 லட்சத்துக்கு மேல் உல்லாசப் பயணிகள் வந்த நாட்டுக்கு, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பும் கொரோனாவும் வந்து, 2021இல் 2 லட்சம் பேர்கூட வரவில்லை. அடுத்த வருஷம் பெற்றோல் வரிசை. 2023இல் ஆட்கள் திரும்பத் தொடங்கியதும்தான் நானும் துணிந்தேன்.

காணி அம்மா, அக்கா, தம்பி, நான் என்று நாலு பேரின் பிரிபடாத பங்கு. அக்காவின் கையெழுத்துக்கு அங்கிருந்து அற்றோணித் தத்துவம் (அவவுக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம்) செய்து, தூதரகத்தில் உறுதிப்படுத்தி, இங்கே கொண்டு வந்து பதிய நாலு மாதம் போனது. கூட்டுக் காணி வைத்திருப்பவர்கள் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க முதல் இந்த வேலையைத் தொடங்குங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான் நகரும்.

அடுத்த இடி விழுந்தது வயலில். அந்தத் தரிசுத் துண்டில் மண் போட்டு விருந்தினருக்கு இரண்டு கபானா (சின்னக் குடில்) கட்டலாம் என்று படம்கூடக் கீறி வைத்திருந்தேன். கமநல சேவை நிலையத்தில் கேட்டபோதுதான் விளங்கியது: 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, விதைக்காமல் கிடந்தாலும் வயல் வயல்தான், அனுமதி இல்லாமல் நிரப்பக் கூடாது. படத்தை மடித்து வைத்தேன். இப்போது யோசித்தால் நல்லதுதான். மழைக்கு மேட்டிலிருந்து வரும் தண்ணீர் முழுக்க அந்தத் துண்டில்தான் தங்குகிறது. அதை நிரப்பியிருந்தால் பக்கத்து ஐயாவின் வெற்றிலைக் கொடிகள் அழுகியிருக்கும்.

பிரதேச சபை அனுமதிக்காகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்த நாள் எனக்கு மறக்காது. சமையலறை, குளியலறை எல்லாம் பார்த்துத் தலையாட்டினார். பிறகு றப்பர் மரங்களுக்குள் இறங்கினார். முதல் நாள் பெய்த மழை. பால் சேர்க்க மரத்தில் கட்டியிருக்கும் சிரட்டை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சரித்துக் காட்டினார். இரண்டு விரல் அளவு தண்ணீர். அதில் மெல்லிய நூல் துண்டுகள் போல ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது. டெங்கு நுளம்பின் குடம்பி. கொழும்பு மாவட்டத்தில் டெங்கு என்றால் என்ன என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் மாடியிலேயே இரண்டு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள். பால் வெட்டாத நாளில் ஒவ்வொரு சிரட்டையையும் கவிழ்த்து வைக்க வேண்டும் என்றார். முன்னூறுக்கு மேல் மரம். அதை யார் செய்வது?

அவரே மலசலகூடக் குழியிலிருந்து கிணற்றுக்கு அடி வைத்து அளந்தும் பார்த்தார். கிட்ட இருந்தது. கிணற்றுத் தண்ணீரை நீர்வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்தோம், கோலிஃபோம் கிருமி இருக்கிறது என்று முடிவு வந்தது. அப்பா அள்ளிக் குடித்த தண்ணீர் அது. புதுக் குழியை வீட்டின் மறுபக்கத்தில், சரிவின் கீழே வெட்டினோம். கிணற்றை இறைத்து, குளோரின் போட்டு, மறுபடி இறைத்தோம். இரண்டாம் பரிசோதனையில்தான் சரி வந்தது. இந்தச் செலவு என் கணக்கிலேயே இருக்கவில்லை. பண்ணைத் தங்கல் தொடங்க நினைப்பவர்கள் கட்டிலும் மெத்தையும் வாங்குவதற்கு முதல் தண்ணீரைச் சோதியுங்கள்.

எல்லாம் முடிந்தும் அந்த முதல் கேள்வி அப்படியே நின்றது. ஒரு நாள் இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா சொன்னா, "நான் போய் இருக்கிறன் பிள்ளை." அவவுக்கு 68 வயது. முழங்கால் நோ வேறு. பேருக்கு முகவரியை மாற்றிவிட்டு இங்கேயே இருக்கலாமே என்று தம்பி சொன்னான். அம்மா கேட்கவில்லை. மருந்துப் பெட்டி, சாமிப் படம், கிரைண்டர் எல்லாவற்றோடும் போனா. கிராம உத்தியோகத்தர் மூன்று மாதம் கழித்துத்தான் வதிவிடச் சான்றிதழ் தந்தார், அதுவும் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்த்த பிறகு. எனக்கு அவரில் கோபம் இல்லை.

கோபம் வந்தது வேறோர் அலுவலகத்தில். தமிழில் படிவம் கேட்டேன், முடிந்துவிட்டது என்றார்கள். அடுத்த கிழமையும் முடிந்துவிட்டது. எனக்குச் சிங்களம் வாசிக்க வரும், நிரப்பிக் கொடுத்தேன். எங்கள் காணியைப் பார்க்கும் அண்ணர் பக்கத்து றப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அவர் தன் சின்ன வீட்டில் ஓர் அறையை இப்படிப் பதிய நினைத்தால் என்ன செய்வார்? கிராமியச் சுற்றுலா என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். கிராமத்து ஆள் வந்து நிற்கும் யன்னல் இதுதான்.

பதிவு கிடைத்து ஒரு வருஷமாகிறது. வெளிநாட்டார் குறைவு. வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைக் குடும்பங்கள்தான் பள்ளி விடுமுறைக்கு வருகிறார்கள், பெரும்பாலும் களனிவெளி ரயிலில். மே மாதத்திலிருந்து மழை. மழை பெய்தால் பால் வெட்டும் இல்லை, ஆட்களும் இல்லை. இரண்டு வருமானமும் ஒரே நாளில் நிற்கும். இதற்கு இன்னும் வழி தெரியவில்லை. பால் வெட்டு விடிய முதலே தொடங்கிவிடும். எட்டு மணிக்கு எழும்புகிறவர்களுக்கு அதைக் காட்ட முடியாது. அவர்களுக்காக நேரத்தை மாற்றச் சொன்னபோது அண்ணர் மறுத்துவிட்டார். வெயில் ஏறினால் பால் குறையும். அவர் சொன்னது சரி. பார்க்க ஆசைப்படுகிறவர்களை நாலரைக்கு அம்மா தேத்தண்ணியோடு எழுப்புகிறா.

சிரட்டை கவிழ்க்கும் வேலையை வருகிற பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை. மழை விட்டதும் ஆளுக்கொரு வரிசை. வெற்றிலைத் தோட்டத்து ஐயாவின் வீட்டிலிருந்துதான் இரவுச் சாப்பாடு வருகிறது, அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பேசியிருக்கிறோம். ஆட்கள் வரும் சத்தத்துக்கு முதலில் முகம் சுளித்தவர், இப்போது எப்ப அடுத்தது என்று கேட்கிறார்.

இந்த ஆடியில் ரொறன்ரோ அக்கா பிள்ளைகளோடு வருகிறா. றம்புட்டானில் ஒரு கொப்பை வௌவால் தொடாமல் இப்பவே வலை போட்டு மூடச் சொல்லி அம்மா அண்ணரிடம் சொல்லியிருக்கிறா.