மன்னன் மாணவர் வரிசையில்

ஜூன் 3

சீனச் சிந்தனை என்றால் கீழ்ப்படிதல், மேற்கு என்றால் சுதந்திரம் என்று இன்றும் ஒருவர் அடித்துப் பேசினார். எனக்கு கன்பூசிய வழிச் சீன அறிஞர் மென்சியஸ்தான் ஞாபகத்துக்கு வந்தார். கி.மு. 4ஆம் நூற்றாண்டு. அன்றைய சீன அரசுகளில் ஒன்றான சி நாட்டு மன்னன் அவரிடம் கேட்கிறான், ஷாங் வம்சத்தின் கடைசி அரசனைக் கொன்றார்களே, குடிமகன் அரசனைக் கொல்லலாமா என்று. அறத்தை அழித்தவன் வெறும் ஆள், அப்படி ஓர் ஆளைத் தண்டித்ததாகத்தான் கேள்விப்பட்டேன், அரசனைக் கொன்றதாக இல்லை என்கிறார். ஒரு மன்னனின் முகத்துக்கு நேரே! மிங் வம்சத்தை நிறுவிய பேரரசருக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. 1394இல் மென்சியஸ் நூலிலிருந்து 85 பகுதிகளை வெட்டிப் பதிப்பித்தார்கள்.

ஜூன் 4

ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் 1689இல் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறார். நம்பி ஒப்படைத்த அதிகாரத்தை அரசு கெடுத்தால் அது மக்களிடமே திரும்பும். ஆனால் அவரிடம் சட்டமன்றம் இருக்கிறது, சம்மதம் இல்லாமல் வரி இல்லை. மென்சியஸிடம் கொடுங்கோலனை நீக்க நியாயம் உண்டு, அவன் அந்த அளவுக்குப் போகாமல் தடுக்க அமைப்பு இல்லை. என் மனதை உறுத்துவது அதுதான்.

ஜூன் 8

அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தவர் 17ஆம் நூற்றாண்டுச் சீன அறிஞர் ஹுவாங் சோங்சி. அப்பா அரசவை அதிகாரி, அரண்மனை அலிகளின் தலைவனை எதிர்த்து 1626இல் சிறையில் செத்தவர். மகன், சீனாவைக் கைப்பற்றிய மஞ்சுக்களை எதிர்த்துப் போராடித் தோற்று, 1663இல் ஒரு நூலை முடிக்கிறார், லாக்குக்கு கால் நூற்றாண்டு முன்பே. நாட்டுக்குப் பெருங்கேடே மன்னன்தான் என்று அதில் எழுதுகிறார். நல்ல ஆள் இருந்தால் போதும், சட்டம் தானாக ஆளாது என்பது கன்பூசிய அறிஞர் ஷுன்ட்ஸுவின் பழைய வாதம். ஹுவாங் அதைத் திருப்பிப் போடுகிறார், முதலில் நல்ல சட்டம், அப்புறம்தான் நல்ல ஆள்.

அவர் சொல்லும் ஏற்பாட்டைப் பாருங்கள். மாதத்தின் முதல் நாள் பேரரசர் தலைநகரக் கல்விக்கழகத்துக்கு வர வேண்டும். அதன் தலைவர் தெற்கு பார்த்து உட்கார்ந்து பாடம் சொல்வார். தெற்கு பார்த்து அமர்வது பேரரசரின் இடம்! பேரரசரோ மாணவர் வரிசையில். ஆட்சியில் குறை இருந்தால் தலைவர் அங்கேயே ஒளிக்காமல் சொல்லலாம்.

ஜூன் 9

சரி, அந்த இருக்கையில் யார்? படித்த பெரியவர்கள் மட்டுமே, உழவன் இல்லை. லாக்கின் சம்மதமும் பெரும்பாலும் சொத்துள்ளவனின் சம்மதம்தான். இருந்தும் ஹுவாங்கை நான் விட மாட்டேன், மன்னனைக் கொல்லாமலே அடக்க அவர் ஒரு வழி யோசித்திருக்கிறார்.